ஒன்பதாம் நாள் எடுத்த முட்டு

ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற என் வகுப்புத் தோழர்களே, தோழிகளே, வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாக நீங்கள் வீடு கட்டுவது பற்றிப் பேசுவதை வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கிறேன். கார்பெட் ஏரியா, பில்டப் ஏரியா, சூப்பர் பில்டப் ஏரியா என்று அள்ளி விடுகிறீர்கள். ஒருவர் வீடியோவில் பார்த்துவிட்டு வந்து க்யூரிங் பற்றிப் பாடம் நடத்துகிறார். உங்களில் ஒருவராவது கலவைச் சட்டியைத் தலையில் வைத்ததுண்டா? நானும் வைத்ததில்லை. ஆனால் வெறும் வார்த்தைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு கெடுக்க முடியும் என்பதைப் பதினோரு வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் பாடத்தைத் தொடருங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு சந்துக்குள் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அதற்கு நாலு தெரு தள்ளி, முப்பதுக்கு நாற்பது அடியில் அப்பா ஒரு சைட் வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை. அதனால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடைய அண்ணனிடம், அதாவது என் பெரியப்பாவிடம் போனது. எங்கள் வீட்டின் முதல் விரிசல் அன்றைக்கே விழுந்துவிட்டது என்பேன்.

பெரியப்பா ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். கட்டடத் தொழிலில் வழங்கும் சொற்களுக்கு விளக்கம் சொல்லும் சின்னக் கையேடு ஒன்றை அவர்கள் அச்சகத்தில் அச்சடித்திருந்தார்கள். அதை மூன்று தடவை பிழை பார்த்திருந்தாராம். அட்டை நீலம், உள்ளே மலிவுத் தாள், மண்ணெண்ணெய் வாடை. சட்டைப் பையில் அதைச் செருகிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, காலை ஒன்பது மணிக்கு சைட்டில் வந்து நிற்பார். மூன்று தடவை படித்ததால் பொறியாளர் ஆகிவிட்ட நினைப்பு.

கொத்தனார் சுவரெழுப்பித் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். சுவர் நேராக நிற்கிறதா என்று அந்த இரும்புக் குண்டு சொல்லிவிடும். உடனே பெரியப்பா, "இதுக்கு இங்கிலீஷ்ல பிளம்ப் பாப். தெரியுமா?" என்பார். கொத்தனார், "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். தரைமட்டத்துக்கு மேல் எழுப்பும் அடித்தளத்துக்கு பிளிந்த், கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே ஓடும் கான்கிரீட் பட்டைக்கு லிண்டல், ஜன்னலுக்கு வெளியே மழைக்கு நீட்டும் தகட்டுக்கு சஜ்ஜா. ஒவ்வொன்றையும், அதை இருபது வருடமாகக் கையால் செய்கிற ஆட்களுக்கே விளக்கினார். அவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுடைய மரியாதை அது. பெரியப்பா அதை மாணவர்களின் வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஹால் பதினேழுக்குப் பதினெட்டு அடி இருக்க வேண்டும் என்றதும் அவர்தான். "நாளைக்கு இவ நிச்சயதார்த்தத்த வீட்லயே வெச்சுக்கலாம் பாரு" என்று என்னைக் காட்டிச் சொன்னார். பதினோரு வயதில் எனக்கு நிச்சயதார்த்தம் ஒன்றுதான் குறைச்சல். அப்பா மறுக்கவில்லை. அண்ணன் பேச்சை மறுக்காமல் இருப்பதைப் பெரிய நற்குணம் என்று அப்பா கடைசி வரை நம்பினார். இப்போது எனக்கு அது வெறும் சோம்பலாகத்தான் தெரிகிறது.

ஏப்ரல் கடைசியில் மோல்டு போட்டார்கள். கூரைக்குக் கான்கிரீட் போடுவதை பெங்களூரில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் செய்வது சென்ட்ரிங். ஹால் முழுக்க நீலகிரி மரக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தி, மேலே பலகையும் தகடும் பரப்பி, அதன்மேல் கம்பி கட்டி, கான்கிரீட்டைக் கொட்டுவார்கள். கான்கிரீட் தன் பாரத்தைத் தானே தாங்கும் வரைக்கும் அந்தக் கம்புகள்தான் அதைத் தாங்குகின்றன. அன்றைக்கு எல்லாருக்கும் பிரியாணி. ஒரு ஆட்டுக்கால் எலும்பைக் கடித்தபடி பெரியப்பா, சிமென்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்று மிக்ஸர் மெஷின் ஓட்டுகிறவனுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் அவன் காதில் ஒன்றும் விழவில்லை. கொடுத்து வைத்தவன்.

மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றும் வேலை. நீங்கள் க்யூரிங் க்யூரிங் என்கிறீர்களே, அதுதான். கான்கிரீட் காய்ந்து இறுகுவதாக நினைக்கிறோம். அப்படியில்லை. ஈரம் இருந்தால்தான் அது இறுகும், காயவிட்டால் கெட்டுவிடும். அதனால் கூரை மேல் சிமென்ட் கலவையால் சின்னச் சின்ன வரப்புகள் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்துவார்கள். அந்த வேலையைச் செய்தது சைட்டிலேயே தகரக் கொட்டகையில் தங்கியிருந்த சித்தாள் அக்கா. தர்மபுரிப் பக்கத்துக்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். என் வயதில் ஒரு மகள் இருந்தாள், ஊரில் தம்பி வீட்டில் விட்டிருந்தாள்.

கோடை விடுமுறை என்பதால் பெரியப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போவது என் வேலை. மாடிப் பக்கம் கால் வைத்தால் காலை உடைப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி. பெரியப்பா சாப்பிட்டுவிட்டு மணல் குவியலின் நிழலில் துண்டை விரித்துப் படுத்ததும் நான் சாரத்தைப் பிடித்து மேலே ஏறிவிடுவேன். மாடி முழுக்க சதுரம் சதுரமாகத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன். ஈரச் சிமென்ட்டின் வாசனைக்கு இன்றைக்கும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். சிமென்ட் பைக் காகிதத்தில் கப்பல் செய்து பாத்திக்கு ஒன்றாக விட்டேன்.

அக்கா கீழே தரைக்கடியில் இருந்த சம்புத் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் மொண்டு, இடுப்பில் வைத்து, சாரத்து வழியாக ஏறி வருவாள். காலையில் இருபது குடம், மத்தியானம் இருபது, சாயங்காலம் திரும்பவும். வெயில் ஏறினால் கணக்கே கிடையாது. வரப்பு எங்காவது ஒழுகினால் உட்கார்ந்து விரலால் அடைப்பாள். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு அரித்து வெள்ளையாக வெடித்திருந்தன.

"எதுக்கு அக்கா இவ்ளோ ஊத்துறீங்க? நேத்தே ஊத்தினீங்களே" என்று கேட்டேன்.

"நேத்து சோறு துன்ன இல்ல? இன்னிக்கும் துன்னியா இல்லியா?" என்றாள்.

மடியில் வறுத்த வேர்க்கடலை வைத்திருப்பாள். எனக்குப் பாதி தருவாள். ஒருநாள் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்த வூடு நல்லபடியா முடிஞ்சா மேஸ்திரி மல்லேஸ்வரத்துல மூணு மாடி வேலை எடுத்துக்கிறாரு. அங்க வாச்மேன் ரூம் கீதாம், கதவு போட்ட ரூமு. உன்னியே வேலைக்கு வெச்சிக்கிறேன்னு சொல்லிக்கிறாரு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள போயி என் பொண்ணக் கூட்டியாந்துருவேன். இங்கயே தமிழ் ஸ்கூல்ல சேத்துருவேன்." கதவு போட்ட ரூம் என்பதை இரண்டு முறை சொன்னாள். தகரக் கொட்டகைக்குச் சாக்குத்தான் கதவு. பெண் பிள்ளையை அங்கே வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு கூத்து. அப்பாவின் மேலாளர் மல்லேஸ்வரத்தில் இருந்த கன்னடக்காரர். அவர் வந்து கிரகப்பிரவேசத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால், அப்பாவின் பதவி உயர்வுக் காகிதம் நகரும் என்று பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார். நாள் பார்க்க உட்கார்ந்தால் ஜூன் இரண்டாம் வாரத்தோடு வைகாசி முடிகிறது. ஆனியில் நாம் புது வீட்டுக்குப் போவதில்லை. பக்கத்து வீட்டுக் கன்னட மாமி வேறு, "நிம்ம ஆனிய விட்டாலும் ஆஷாடத்துல எங்க ஜனம் யாரும் ஹொஸ மனெ, புது வீட்டுக்கு வரமாட்டாங்கப்பா, அந்த சார் கண்டிப்பா வரமாட்டாரு" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் ஆஷாடம் அமாவாசை கழிந்து தொடங்கும் மாதக் கணக்கு. அது முடிவதற்குள் நம்முடைய ஆடி பிறந்துவிடும். ஆனி, அவர்கள் ஆஷாடம், நம் ஆடி என்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. ஆவணி வரை பொறுக்கலாமே என்றால், மேலாளர் ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றவருக்குச் சோறு போட்டு என்ன புண்ணியம்? இரண்டு பாஷை பஞ்சாங்கத்துக்கும் பயந்து வாழ்கிற ஜனம் பெங்களூர்த் தமிழர்களைத் தவிர வேறு எங்கேயாவது உண்டா தெரியவில்லை.

வைகாசி முகூர்த்தம் என்றால் பூச்சு வேலையை உடனே ஆரம்பிக்க வேண்டும். ஹால் முழுக்க முட்டுக் கம்புகள் நிற்கும்போது பூச முடியாது. மோல்டு போட்ட ஒன்பதாம் நாள் காலை, பெரியப்பா சென்ட்ரிங்காரர்களை வரவழைத்து நிறுத்திவிட்டார். நான் அன்று தூக்கைச் சீக்கிரமே கொண்டு போயிருந்தேன்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தான். "பெரிய ஹாலு சார். இன்னும் ஒரு வாரம் உட்டா நல்லது."

பெரியப்பா நீல அட்டையை எடுத்து விரித்தார். "ஸ்லாபுக்கு ஏழு நாள்னு அச்சுல போட்டிருக்கு. நான் ஒம்போது நாள் குடுத்திருக்கேன். அப்புறம் என்ன?"

அச்சில் இருக்கிறது என்றதும் மேஸ்திரி வாயை மூடிக்கொண்டான். குடத்தோடு நின்ற அக்கா மூடவில்லை.

"ஐயா, இது இன்னும் பச்சையா கீதுங்க. வெளிய கெட்டியா தெரியும், உள்ள பச்சை. நடுவுல இருக்கிற கம்ப மட்டுமாவது உடுங்க ஐயா."

பெரியப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். குழந்தைக்குச் சொல்வதுபோல, "இந்தாம்மா, நீ ஊத்துறியே தண்ணி, அதுக்குப் பேரு க்யூரிங். கான்கிரீட்டை ஈரமா வெச்சுக்கிறது. அது வேற சப்ஜெக்ட். சென்ட்ரிங் வேற சப்ஜெக்ட். புரிஞ்சுதா?" என்றார். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மத்தியானத்துக்குள் கம்புகளெல்லாம் வெளியே வந்து தெருவோரம் கிடந்தன. ஹால் பெரிதாகத் தெரிந்தது. பெரியப்பா நடுவில் நின்று கைதட்டி எதிரொலி கேட்டார்.

மூன்று நாள் கழித்துப் பூச்சுக்காரர் கூரையின் அடிப்பக்கத்துக்கு நூல் பிடித்தார். சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய நூலைவிட, நடுவில் கூரை ஒன்றரை அங்குலம் கீழே இறங்கியிருந்தது. குறுக்கே ஒரு விரிசல், ரூபாய்க் காசின் விளிம்பு நுழையும்.

அப்பாவை அரை நாள் லீவில் வரவழைத்தார்கள். அம்மாவும் வந்தாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா புத்தகத்தைப் புரட்டினார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது, இப்போது தெரியும். பழியில் தன் பெயர் வராத ஒரு பக்கத்தைத் தேடினார். கிடைத்தது.

"இங்க பாரு. க்யூரிங் சரியில்லைன்னா விரிசல் விடும். தெளிவா இருக்கு. தண்ணி ஊத்தல இவ."

மாடிக்குப் போய்ப் பார்த்தார்கள். காய்ந்து கிடந்தது. கைப்பிடிச் சுவருக்குச் செங்கல் அடுக்குவதற்காக முந்தின நாள் மேஸ்திரியே பாத்திகளை உடைத்துத் தண்ணீரை வெளியேற்றியிருந்தான். அதை அவன் சொல்வான் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். அவன் கீழே இறங்கி வந்து, "நானும் பலதடவ சொன்னேன் சார், இவ சோம்பேறி" என்றான்.

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். "மேஸ்திரி, மனசாட்சியோட பேசு. நாளுக்கு அறுவது கொடம் ஏத்துனேன். இடுப்பப் பாரு, காப்பு காச்சிருக்குது." பிறகு சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பாப்பாவக் கேளுங்க ஐயா. பாப்பா மேல வந்து கப்பலு உட்டுச்சு. தண்ணி இல்லாமயா கப்பலு உட்டுச்சு?"

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. விரல்கள் இறுகின. அப்பா என்னிடம் குனிந்து, "மாடிக்குப் போனியாம்மா? தண்ணி இருந்துதா?" என்று கேட்டார். நல்ல குரலில்தான் கேட்டார்.

"நான் மாடிக்கே போகல" என்றேன்.

இதைவிடக் கேவலமாக நான் பேசியது கிடையாது. அடிக்குப் பயம், அவ்வளவுதான். பெரியப்பாவாவது ஒரு பதவி உயர்வுக்காகப் பொய்யைக் கட்டிப்பிடித்தார். நான் தொடையில் விழப்போகும் ஒரு கிள்ளலுக்காகச் செய்தேன். பெரியப்பா என் தலையைத் தடவி, "எங்க வீட்டுக் குழந்தை மாடிக்கெல்லாம் போகாது" என்றார்.

"மல்லேஸ்வரம் பக்கம் வந்துராத" என்று மேஸ்திரி அக்காவிடம் சொன்னான். அவள் சாக்கை விலக்கிக் கொட்டகைக்குள் போனாள், ஒரு பாயும் ஒரு அலுமினியப் பாத்திரமும் ஒரு டிரங்குப் பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது திட்டுவாள் என்று நினைத்தேன். நின்று, மடியிலிருந்த கடலையைத் தூக்குப் பாத்திரத்தின் மூடியில் கொட்டிவிட்டுப் போனாள். என்ன நினைத்துச் செய்தாளோ, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இறங்கின கூரைக்கு மேஸ்திரி ஒரு வைத்தியம் செய்தான். ஹாலின் நட்டநடுவில் செங்கல் தூண் ஒன்றை எழுப்பினான். பெரியப்பா அதற்குப் பூச்சு வைத்து, க்ரீம் வண்ணம் அடித்து, கண்ணாடி மாட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு மேலாளர் வந்தார். சிரோட்டி இனிப்பு தின்றார். தூணைப் பார்த்து, "ஏனிது, மத்யதல்லி கம்ப?" என்றார், நடுவில் எதற்குத் தூண் என்று. "டிசைன் சார்" என்றார் பெரியப்பா. பதினைந்து நிமிஷத்தில் கிளம்பிப் போனவர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். பதவி உயர்வுக் காகிதம் எந்த மேஜையில் இருந்ததோ அங்கேயே இருந்தது. அந்தத் தூணைச் சுற்றித்தான் நாங்கள் பிறகு சாப்பிட்டோம், படித்தோம், சண்டை போட்டோம். என் நிச்சயதார்த்தத்தைக் கல்யாண மண்டபத்தில்தான் வைத்தார்கள், ஹாலில் தூண் இடிக்கும் என்று.

கல்லூரிக் காலத்தில் பெரியப்பாவின் அலமாரியில் அந்த நீலப் புத்தகம் கையில் கிடைத்தது. சென்ட்ரிங் என்ற சொல்லைத் தேடிப் படித்தேன். சின்ன அறைகளுக்கு ஏழு நாள் என்று ஒரு வரி. பதினைந்து அடிக்கு மேல் அகலம் போனால் பதினான்கு நாளாவது முட்டு நிற்க வேண்டும் என்பது அதற்கு அடுத்த வரி. மூன்று தடவை பிழை பார்த்தவர். அங்கே அச்சுப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாயிரங்களில் ஐ.டி. பிள்ளைகள் வந்து வாடகைக்கு வீடு கேட்கத் தொடங்கியதும், இடித்துவிட்டு மூன்று மாடி கட்டலாம் என்று அப்பா முடிவு செய்தார். இடிப்பதைப் பார்க்க நானும் போயிருந்தேன். பெரியப்பா கைத்தடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கான்ட்ராக்டர் இரண்டு நாள் வேலை என்று சொல்லியிருந்தார். தூண் சம்மட்டியின் இரண்டாவது அடியிலேயே சரிந்தது. கூரை அசையவில்லை. உடைக்கிற மெஷினைக் கொண்டு வந்தார்கள். முனை மழுங்கி இரண்டு முறை மாற்றினார்கள். மூன்றாம் நாள், மெஷின் பிடித்திருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னா சார் இது, கல்லு மாதிரி கீது. தண்ணி நல்லா குடிச்ச கான்கிரீட்டு சார் இது. யாரோ குழந்தையக் குளிப்பாட்ற மாதிரி பாத்துக்கினு இருந்துக்கிறாங்க."

பெரியப்பா கைத்தடியைத் தூக்கினார். "அதுக்குப் பேருதான் க்யூரிங். நானே கூட இருந்து பாத்து செஞ்சது" என்றார்.

பதினைந்து வருடமாக என் தொண்டையில் கிடந்தது அப்போது வெளியே வந்தது. "நீங்க செய்யல பெரியப்பா. அந்த அக்கா செஞ்சாங்க. நாளுக்கு அறுபது குடம். நான் மாடிக்குப் போனேன், கண்ணால பாத்தேன். அன்னிக்குப் பொய் சொன்னேன்."

அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். நடிக்கவில்லை. அப்பாவும் நெற்றியைச் சுருக்கினார்.

"எந்த அக்காம்மா? பேரு சொல்லு, ஞாபகம் வருதான்னு பாக்கறேன்" என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மடிக் கடலையைத் தின்றிருக்கிறேன். பெயரைக் கேட்டதே இல்லை.